ஊர்க் கணக்கில் சேரி எங்கே?

1918ஆம் ஆண்டு பம்பாயில் இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் பரவியது. ஜூன் மாதம் தொடங்கி, செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டு போனது. அப்போது அந்நகரத்தில் பதிவான இறப்பு விகிதம் சமூகவாரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர் இறந்தார்கள். பார்சிகளில் 9 பேர். சாதி இந்துக்களில் 18.9 பேர். 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று அந்தப் பதிவேடு குறிப்பிடும் நம் மக்களில் 61.6 பேர். ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே பருவம். சாதி இந்து ஒருவர் இறந்த விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நம்மவர்கள் இறந்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து 2020ல் கொரோனா வந்தது. அரசு தினமும் மாலையில் எண்களை வெளியிட்டது. மாவட்டவாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக எண்கள் வந்தன. சாதிவாரியாக ஒரு எண்கூட வரவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு அரசு நிறுவனங்களே வெளியிட்டன. பிரிட்டனிலும் இனவாரிக் கணக்கு வந்தது. இந்தியாவில் எத்தனை தலித்துகள் இறந்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது. காலனி அரசின் ஒரு நகராட்சிப் பதிவேட்டில் இருந்த விவரம், சாதியின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று எழுதி வைத்த குடியரசின் பதிவேட்டில் இல்லை.

இதை வெறும் மறதி என்று நாம் விட்டுவிட முடியாது. நம் மக்களின் உடல்நலம் பற்றிய பொது எண்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எந்த இடத்தில் சேரி கணக்கில் தெரிகிறது, எந்த இடத்தில் ஊரோடு கலந்து காணாமல் போகிறது என்பது அந்த வரலாற்றைப் படித்தால்தான் புரியும். இன்று ஒரு காலனியின் சுகாதாரத் தேவையை எடுத்துச் சொல்ல விரும்பும் மாணவர் எவருக்கும் அது கைக்கருவி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எழுதியவர் யார்?

மதராஸ் மாகாணத்தின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். அவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர், ஒரு மருத்துவர். மக்களை எண்ணுவதும் நோயைக் கணக்கிடுவதும் அன்று ஒரே மேசையில் நடந்தன என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஐந்தாண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877ல் நிவாரண வேலை செய்யும் கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார் ரிச்சர்ட் டெம்பிள். வேலை செய்யும் உடலுக்கு இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எதிர்த்தவர் அதே கார்னிஷ். அவரிடம் உணவு பற்றிய கணக்கு இருந்ததால்தான் வாதாட முடிந்தது. அந்த முகாம்களில் கல் உடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் பெரும்பாலும் நிலமில்லாத கூலிகள். நம் பாட்டன் பூட்டன்மார். 1881ல் மறுபடி எண்ணியபோது மாகாணத்தின் மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

ஆனால் அடிமட்டத்தில் பேரேட்டை வைத்திருந்தவர் யார்? கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதும் பொறுப்பு கிராம அதிகாரியிடம் இருந்தது. 1899ஆம் ஆண்டின் மதராஸ் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்தது. மணியமும் கணக்குப்பிள்ளை வேலையும் பரம்பரையாக ஊர்த்தெருவின் கையில் இருந்தவை. சேரிக்குள் கால் வைக்காத ஒருவர்தான் சேரியின் சாவை எழுத வேண்டியவர். எழுதப்பட்டதில் எவ்வளவு விடுபட்டிருக்கும் என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980ல்தான் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்ற அரசுப் பணியாக மாறியது.

அந்தக் காலத்தில் சேரியைத் தனியாகப் பார்த்த ஓர் ஆவணம் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891ல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தமாக இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் விரட்டப்படலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். 1892ல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அந்த அறிக்கை அடிப்படை. இதைச் சுகாதார ஆவணமாகவும் நாம் படிக்க வேண்டும். மனை உறுதியில்லாதவர் கிணறு வெட்ட முடியாது, நல்ல கூரை போட முடியாது. எங்கே நோய் தொடங்குகிறது என்று தேடுகிறவர் மருத்துவமனைப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் நிலப் பதிவேட்டையும் திறக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

எண் என்பது சண்டை

அதே காலத்தில் நம் தலைவர்கள் கணக்கெடுப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கணக்கில் நம்மை என்ன பெயரில் எழுதுவது என்பதை அரசியல் கேள்வியாக்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் சித்த மருத்துவரும்கூட. 1911 கணக்கெடுப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் யார் என்று அறியச் சில சோதனைகளை வைத்தது. 1931 கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன், கோயில், கிணறு, பள்ளி ஆகியவற்றில் நுழைவு மறுக்கப்படுகிறதா என்பதையெல்லாம் வைத்துப் பார்த்து, 'புறச் சாதிகள்' என்று ஒரு பிரிவை வகுத்து, அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 5 கோடி என்றார்.

அடுத்த ஆண்டே சண்டை வந்தது. 1932ல் லோதியன் தலைமையிலான வாக்குரிமைக் குழு ஒவ்வொரு மாகாணத்திலும் தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்று கேட்டபோது, சில வட மாகாணங்களில் அந்த எண் திடீரென்று சுருங்கியது. எங்கள் பகுதியில் தீண்டாமையே கிடையாது என்றுகூடச் சொன்னார்கள். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் தனிக் குறிப்பு எழுதினார். எண் வெறும் எண்ணாக இருந்தவரை யாரும் மறுக்கவில்லை, அது சட்டமன்ற இடமாக மாறப்போகிறது என்று தெரிந்ததும் மறுத்தார்கள் என்பதை அவர் பின்னாளிலும் விளக்கி எழுதினார். இன்று நிதி ஒதுக்கீட்டுக்கும் இதே விதிதான் பொருந்துகிறது. ஓர் எண் பணமாகவோ பொறுப்பாகவோ மாறும் இடத்தில் அதை மறைக்கும் வேலையும் தொடங்கிவிடுகிறது.

மதராஸ் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் வேறொரு வழியைத் திறந்தார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924ல் சீனிவாசன் கொண்டுவந்தார். அரசாணையும் வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான பணியைக் கவனிக்க ஏற்படுத்தப்பட்ட தொழிலாளர் துறை, எத்தனை கிணறு தோண்டினோம், எத்தனை மனை கையகப்படுத்தினோம் என்று ஆண்டறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நம்மவர்கள் சபையில் உட்கார்ந்து கேட்டதால், எழுத வேண்டிய கட்டாயம் அரசுக்கு உண்டானது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து அரசாணைகளையும் துறை அறிக்கைகளையும் இன்றும் தேடிப் படிக்கலாம். ஆய்வு மாணவர்கள் போக வேண்டிய இடம்.

1951க்குப் பிறகு

சுதந்திர இந்தியா கணக்கெடுப்பில் சாதி கேட்பதை நிறுத்தியது. பட்டியல் சாதி, பழங்குடி மட்டும் விதிவிலக்கு. இதன் விளைவு என்ன? ஆதிக்க சாதிகளின் வசதி கணக்கில் தெரியாமல் போனது. நம் வறுமை மட்டும் தொடர்ச்சியாகத் தெரிகிறது. அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவராக மாறிய தலித் பட்டியல் சாதியாக எழுதப்படுவதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் எந்தப் பட்டியல் சாதி எண்ணை எடுத்தாலும், அதற்கு வெளியே தலித் கிறித்தவக் குடும்பங்கள் நிற்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

குறைகள் இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்கு மிக முக்கியமான மூலம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1.44 கோடி, அதாவது 20 விழுக்காடு. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் எத்தனை பட்டியல் சாதியினர் என்ற எண் கிடைக்கும். பட்டியலில் உள்ள 76 சாதிகளையும் தனித்தனியாகக் காட்டும் மாநில அட்டவணைகள் உண்டு. அருந்ததியரின் நிலையை மற்றவர்களோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் அவற்றைத்தான் திறக்க வேண்டும். வீட்டு வசதி அட்டவணைகள் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குத் தனியாக வெளியிடப்பட்டுள்ளன. இந்தியா முழுவதும் 2011ல் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் 46.9 விழுக்காடு. பட்டியல் சாதிக் குடும்பங்களில் ஏறத்தாழ 34 விழுக்காடு. இதே ஒப்பீட்டை உங்கள் மாவட்டத்துக்கு நீங்களே செய்யலாம்.

ஓர் அட்டவணை என்ன செய்யும் என்பதற்கு நம் இயக்க வரலாற்றிலேயே சான்று உண்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993ல் வந்தது. அதன் பிறகு, எங்கள் மாநிலத்தில் அந்த வழக்கமே இல்லை என்று மாநில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னன. சஃபாய் கர்மசாரி அந்தோலன் 2003ல் உச்ச நீதிமன்றம் போனது. தாங்களே ஊர் ஊராகப் போய் எடுத்த விவரங்களை வைத்து ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் கொடுத்தார்கள். இதற்கிடையே 2011 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் கழிப்பறை வகை பற்றிய கேள்வி இருந்தது. மனிதர் கையால் மலம் அகற்றப்படும் கழிப்பறைகள் 7.94 லட்சம் என்று அரசின் அட்டவணையே சொன்னது. இனி எப்படி மறுப்பது? 2013ல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27ல் வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களை அடையாளம் கண்டு தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023ல் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. மலக்குழி மரணங்களுக்கு இன்று ஓர் அரசுப் பட்டியல் இருக்கிறது என்றால் காரணம் இந்த வழக்குதான்.

ஆனால் மறைக்கும் வேலை நிற்கவில்லை. 2020 டிசம்பர் வரையிலான ஐந்தாண்டுகளில் சாக்கடை, மலக்குழி சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்தார்கள் என்று 2021 பிப்ரவரியில் மக்களவையில் அரசு சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 43. அதே ஆண்டு ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் இறந்தவர் யாருமில்லை என்று மாநிலங்களவையில் சொன்னது. இரண்டும் ஒரே அரசின் பதில்கள். சட்டத்தில் 'கையால் மலம் அள்ளுதல்' ஒரு வரையறை, 'அபாயகரமான சுத்தம் செய்தல்' இன்னொரு வரையறை. சொல்லை மாற்றினால் பிணம் மறைந்துவிடுகிறது. எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அதன் வரையறையைப் படியுங்கள் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

பிறப்பும் இறப்பும்

இப்போது நேராக உடல்நலக் கணக்குக்கு வருவோம். இன்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறப்பு, இறப்பு பதிவாகின்றன. அந்தப் படிவத்தில் மதம் உண்டு, படிப்பு உண்டு, தொழில் உண்டு. சாதி கிடையாது. குழந்தை இறப்பு விகிதத்தை ஆண்டுதோறும் சொல்லும் மாதிரிப் பதிவு முறை 1969-70 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. அதன் ஆண்டறிக்கையில் மாநிலம், நகரம், கிராமம், ஆண், பெண் என்று பிரிவுகள் இருக்கும். சாதிப் பிரிவு இருக்காது. தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்று மேடைகளில் பெருமை பேசப்படுவது இந்த எண்ணை வைத்துத்தான். குறைந்தது உண்மை, அதில் நமக்கும் மகிழ்ச்சிதான். காலனியிலும் அதே அளவு குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த அறிக்கை பதில் சொல்லாது.

பதில் சொல்லக்கூடியது தேசிய குடும்பநல ஆய்வு. 1992-93, 1998-99, 2005-06, 2015-16, 2019-21 என்று ஐந்து சுற்று அறிக்கைகள் வந்துள்ளன. வீடு வீடாகப் போய்க் கேட்டு, எடை பார்த்து, இரத்தசோகை சோதித்து எடுக்கும் ஆய்வு இது. 2015-16 சுற்றில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் பட்டியல் சாதியில் 56, பழங்குடியினரில் 57, பிற்படுத்தப்பட்டோரில் 51, மற்றவர்களில் 39. அதற்குப் பத்தாண்டுக்கு முந்தைய சுற்றில் பட்டியல் சாதியில் 88, மற்றவர்களில் 59. எல்லோருக்கும் குறைந்திருக்கிறது. இடைவெளியும் சுருங்கியிருக்கிறது, ஆனால் மூடவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. முன்னேற்றமே இல்லை என்று நாம் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரே அட்டவணையில் நம்மை மடக்கிவிடுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலித் பெண்ணின் சராசரி வாழ்நாள் 39 ஆண்டுகள், ஆதிக்க சாதிப் பெண்ணைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்ற வரியை நீங்கள் பலமுறை பகிர்ந்திருப்பீர்கள். 2018ல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கையிலும் இந்த ஒப்பீடு வந்தது. அந்த 39 எதைக் குறிக்கிறது? ஆய்வுக் காலத்தில் இறந்தவர்களின் சராசரி வயதை. அது ஆயுட்காலம் ஆகாது. ஒரு சமூகத்தில் இளையோர் அதிகமாக இருந்தால் இறந்தவர்களின் சராசரி வயது தானாகவே குறையும். ஒன்பது வடக்கு, கிழக்கு, மத்திய மாநிலங்களில் அரசு எடுத்த ஆண்டுச் சுகாதார ஆய்வை வைத்து சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 2022ல் வெளியிட்ட கணக்கின்படி, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. மூன்று ஆண்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். கோடிக்கணக்கான மக்களிடமிருந்து தலைக்கு மூன்று ஆண்டு பறிக்கப்படுகிறது என்று படித்துப் பாருங்கள். உறுதியான சிறிய எண், ஆட்டம் காணும் பெரிய எண்ணைவிட நமக்கு அதிகம் உதவும். அந்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை என்பதையும் கவனியுங்கள்.

எண் கிடைத்த பிறகு

எண்ணைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வது மீதிப் பாதி. 1896ல் அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃப்ரெடரிக் ஹாஃப்மன், கறுப்பின மக்களின் உயர்ந்த இறப்பு விகிதத்தைக் காட்டி, அது அந்த இனத்தின் இயல்பு என்று புத்தகம் எழுதினார். டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் பிலடெல்ஃபியாவில் வீடு வீடாகப் போய் எடுத்து 1899ல் வெளியிட்ட ஆய்வையும், 1906ல் கறுப்பின மக்களின் உடல்நலம் பற்றிக் கொண்டுவந்த தொகுப்பையும் வைத்துப் பதில் சொன்னார். வீடு, கூலி, தண்ணீர், சாக்கடை ஆகியவை வேறாக இருப்பதால் சாவும் வேறாக இருக்கிறது என்று காட்டினார். அவருக்குத்தான் 1946ல் அம்பேத்கர் கடிதம் எழுதினார், நம் நிலைக்கும் உங்கள் நிலைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று.

நம் ஊரில் இன்றும் ஹாஃப்மன்கள் இருக்கிறார்கள். காலனிக் குழந்தைக்கு இரத்தசோகை என்றால் தாய்க்கு விழிப்புணர்வு இல்லை என்பார்கள். வயிற்றுப்போக்கு என்றால் சுத்தம் தெரியாது என்பார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான், தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டிக்குள் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. நோயின் காரணம் தாயின் அறியாமையா, தொட்டியா? கணக்கெடுப்பின் கிராமக் கையேட்டில் குழாய்த் தண்ணீர் உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கும். ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டியா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. வருவாய்க் கிராமம் ஒன்றுதான். வாழ்கிற கிராமம் இரண்டு. அந்த இரண்டையும் ஒரே சராசரியில் அடைப்பதால்தான் சேரி காணாமல் போகிறது.

நாம் செய்ய வேண்டியது

எங்கே தொடங்குவது என்று கேட்கும் தோழர்களுக்கு, நாம் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறோம்.

முதலில் உங்கள் ஒன்றியத்தின் 2011 கிராமவாரி எண்களை எடுத்து, பட்டியல் சாதி விகிதப்படி கிராமங்களை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். பாதிக்கு மேல் நம் மக்கள் வாழும் கிராமங்களையும் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக வாழும் கிராமங்களையும் பிரியுங்கள். பிறகு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், துணை சுகாதார நிலையம் உண்டா, பேருந்து வருமா, தண்ணீர் எங்கிருந்து என்று ஒப்பிடுங்கள். கணினியில் ஒரு மாலைப் பொழுது போதும்.

அடுத்து, குடும்பநல ஆய்வின் மாநில அறிக்கையை எடுங்கள். மாவட்டத்துக்கு வரும் சுருக்கத் தாளில் சாதிப் பிரிவு இருக்காது. மாநில அறிக்கையின் அட்டவணைகளில் இருக்கும். மூலத் தரவைக் கையாளத் தெரிந்த புள்ளியியல் மாணவர்கள் நம்மில் வளர வேண்டும். அந்தத் தரவை உலகுக்கு வழங்கிவந்த திட்டத்துக்கான நிதியை 2025ல் அமெரிக்க அரசு நிறுத்தியது. பொதுத் தரவு என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று நம்பாதீர்கள். கிடைக்கும்போது இறக்கி, சேமித்து வையுங்கள். மருத்துவச் செலவுக்கு, 2017-18ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றைப் பாருங்கள். அதிலும் சமூகப் பிரிவு உண்டு.

மூன்றாவது, கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சுகாதார செவிலியரின் தாய் சேய் பதிவேட்டில் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று குறிக்க இடம் உண்டு. எனவே ஒன்றியவாரியாக, பதிவான கர்ப்பிணிகள், குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள், தாய் இறப்பு ஆகியவற்றைச் சமூகவாரியாகத் தொகுத்துத் தருமாறு கேளுங்கள். பெயரைக் கேட்காதீர்கள், எண்ணை மட்டும் கேளுங்கள். தனிநபர் விவரம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க அப்போது வழியில்லை. நம் பெண்களின் உடல் விவரம் பெயரோடு வெளியே போவதும் நல்லதல்ல. அப்படித் தொகுக்கவில்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். கட்டம் இருந்தும் கூட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு அது அரசே கொடுத்த சான்று. உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். ராஜாவும் சீனிவாசனும் காட்டிய வழி அது.

நான்காவது, நம் கணக்கு. அரசின் எந்த ஏட்டிலும் காலனிக்கென்று தனி வரி இல்லாத இடத்தில் நாம்தான் எண்ண வேண்டும். ஊர்த்தெருவில் எத்தனை குழாய், காலனியில் எத்தனை? செவிலியர் மாதத்தில் எத்தனை நாள் காலனிக்குள் வந்தார்? அங்கன்வாடி எந்தப் பக்கம் இருக்கிறது? சுடுகாட்டுப் பாதை எப்படி? கடந்த ஓராண்டில் யார் யார் எந்த வயதில் இறந்தார்கள்? கேள்விகளைக் குறைவாக வையுங்கள், இரு பக்கமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஒப்பீடு இல்லாத கணக்கு மனுவாகத்தான் முடியும். ஒப்பீடு உள்ள கணக்கு வழக்காகும்.

2021ல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு வரவில்லை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு அறிவிக்கை வெளியாகியுள்ளது. 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று அரசு சொல்கிறது. காலனியின் கடைசி வீடும், ஏரிக்கரைக் குடிசையும், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பமும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கு உண்டு. பிறப்பு இறப்புப் பதிவிலும் மாதிரிப் பதிவு முறையிலும் சாதிப் பிரிவு வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும்.

பம்பாயின் 61.6 என்ற எண்ணை யாரும் நமக்காக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது எழுதப்பட்டதால்தான் அந்தச் சாவுகளைப் பற்றி இன்று நம்மால் பேச முடிகிறது. 2020ல் இறந்தவர்களைப் பற்றி 2120ல் ஒரு மாணவர் கேட்டால் கொடுக்க நம்மிடம் எண் இல்லை. அடுத்த தொற்று வரும்போது அந்த நிலை இருக்கக் கூடாது. இந்த வாரம் உங்கள் ஒன்றியத்தின் பட்டியலைத் திறந்து, உங்கள் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.